நான் சொல்லித்தராத ஐந்தாவது கேள்வி

போன மாதம் நர்ஸ் பார்வதி என்னைப் பார்க்கப் பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு இப்போது வருஷா வருஷம் தொடர்பயிற்சி கட்டாயமாம். வகுப்புக்கு வந்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களுக்குப் பதவி உயர்வு இழுத்துக்கொண்டே போகுமாம். அந்த வகுப்புகளுக்கு அவள்தான் பொறுப்பு. புண்களுக்குப் புதுவிதக் கட்டு, சர்க்கரை நோய், இதயத் துடிப்பு காட்டும் கருவி என்று ஆறு வகுப்பு முடிந்துவிட்டது, ஏழாவதற்கு நீங்கள் வந்து பேசுங்கள் சிஸ்டர் என்றாள்.

நான் ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு கண்ணில் புரை, மூட்டெல்லாம் வலி. என்னிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, பிள்ளைகள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கும் என்று கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் பெரியப்பாவை நீங்கள் காப்பாற்றியதைச் சொல்லுங்கள், அது ஒன்றே போதும் என்றாள்.

புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அந்தக் கதை தெரியாத பழைய ஆட்கள் குறைவு. ரெங்கசாமி என்ற பால்வெட்டுக்காரரின் பெயரை, போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு எழுதிவிட்டார்கள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அவருக்கு ஒரு நர்ஸ் வேண்டுமென்றே மருந்தைக் கூட்டிக் கொடுத்துக் கண்ணைக் கெடுத்தாள். குருட்டு ஆளை ஜப்பான்காரன் லோரியில் ஏற்றவில்லை. கண் போனாலும் உயிர் மிஞ்சியது. அந்த நர்ஸ் நான்தான். ரெங்கசாமி பார்வதியின் பெரியப்பா. அவருக்குப் பதிலாக அந்த லோரியில் ஏறிப்போனவர் பார்வதியின் அப்பா. அவர் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையில் எல்லாம் உண்மை, வேண்டுமென்றே என்கிற ஒரு சொல்லைத் தவிர. அந்தப் பொய்யைச் சொன்னதும் நான்தான்.

பார்வதி எனக்கு எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவின் முகம் அவளுக்கு. ரெங்கசாமி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில்கூட அவர், "ஒங்கப்பன் எனக்காகத்தான் போனாம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பிக் கோப்பையைக் கழுவ எழுந்தாள். வருகிறேன், பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து வகுப்பு நாள் வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் நர்ஸ் வேலைக்குப் போனது ஜப்பான்காரன் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி. அப்பா சுங்கைப் பட்டாணியில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. அவர் செத்ததும் அம்மாவுக்கு நான் ஒருத்திதான். டவுனுக்கு வெளியே பல தோட்டங்களுக்கும் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. அங்கே சேர்ந்து படுக்கை விரிக்க, மலச்சட்டி கழுவ, காய்ச்சல் பார்க்க, கட்டுப்போடக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் எங்களை மிஸி என்று கூப்பிடுவார்கள்; அதுவே எனக்குப் பெரிய பட்டமாக இருந்தது.

ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்கார டாக்டர் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் மிஞ்சியவர்களில் பெரியவர் டிரெஸ்ஸர் அருளப்பன். டிரெஸ்ஸர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. டாக்டருக்கு அடுத்த ஆள், மருந்து கலக்குவார், ஊசி போடுவார், சின்ன அறுவைகூடச் செய்வார். அவர் ஒல்லியான மனுஷர். எப்போதும் காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை. சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் தேவலை என்று இருக்கும். தப்பு செய்தவள் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, அவளாகவே சொல்லும் வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று அவர் ஒரு வழக்கம் வைத்தார். ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு மருந்தறைக்குப் பின்னால் இருந்த அறையில் வகுப்பு. கதவைச் சாத்திவிடுவார். ஆயோடின் இல்லை, பஞ்சு இல்லை, கட்டுத்துணி இல்லை. இல்லாததற்கு என்ன செய்வது என்பதுதான் பாடம். பழைய கைலியைக் கிழித்துச் சோடாவில் வேகவைத்துக் கட்டுத்துணி ஆக்குவது, காலில் குழியாய் அழுகும் புண்ணுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி வாட்டிய வாழை இலை வைப்பது, கால் வீங்கி வருகிறவர்களுக்குத் தவிட்டைச் சலித்துக் கொடுப்பது எல்லாம் அங்கே படித்ததுதான்.

பாடத்துக்கு முன்னால் இன்னொன்று உண்டு. அந்த வாரம் தப்பு செய்தவள் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். அழக் கூடாது, கதை அளக்கக் கூடாது. அவர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில். எந்தக் கட்டில்? என்ன செய்தாய்? என்ன செய்திருக்க வேண்டும்? ஏன் அப்படிச் செய்தாய்? இந்த நாலும் முடிந்த பிறகு ஐந்தாவதைக் கேட்பார்: நோயாளியிடம் சொல்லிவிட்டாயா?

சொல்லவில்லை என்றால் சுவரில் தொங்கும் சிலேட்டில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பெயர் எழுத மாட்டார். நாம் போய் நோயாளியிடம் சொல்லிவிட்டு வந்தால் கட்டைவிரலால் அதைத் துடைத்துவிடுவார். அது வரைக்கும் பாடம் முடியவில்லை என்று கணக்கு.

என் முதல் குறி அங்கம்மா என்ற கிழவியால் வந்தது. அவள் கால்புண்ணுக்கு நான் போட்ட கட்டு இறுகி, பாதம் நீலமாய் வீங்கிவிட்டது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் அவள் கட்டிலுக்குப் போய், பாட்டி, உங்கள் கால் வீங்கியது நோயால் இல்லை, நான் கட்டியதால் என்று சொன்னேன். அவள் வார்டே கேட்கும்படி, "நீ மிஸியா, இல்ல மாட்டுக்குக் கயிறு கட்டுறவளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குக் கயித்து மிஸி என்றுதான் பெயர். ஆனால் அந்த ஒரு மாதமும் கயித்து மிஸி வந்தால்தான் கட்டை அவிழ்க்கவிடுவாள், வேறு யாரையும் கிட்டே சேர்க்க மாட்டாள். அதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மறு வருஷம் இன்னொரு படிப்பு வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லோரும் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, படிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு, அதுவும் புதன்கிழமை மத்தியானம்தான். பரீட்சையில் தேறினால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும் வீட்டுக்கு மாதாமாதம் கூடுதல் அரிசியும் கிடைக்கும். மருந்து தெரிந்தவளைவிட பாஷை தெரிந்தவள் மேலே போகிற காலம் அது. டிரெஸ்ஸர் தன் புதன்கிழமையை மாற்றவில்லை. போகிறவர்கள் போகலாம், நான் தடுக்கமாட்டேன், பாடத்தை வந்திருந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் போனேன். பாதிப் பேர் போனோம். அம்மாவுக்குக் கால் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தது. வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. அந்த அரிசிக்காகத்தான் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எனக்கு அந்தப் பரீட்சை பிடித்திருந்தது. எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கும்போது வாத்தியார் தலையாட்டுவார். டிரெஸ்ஸர் வகுப்பில் தப்பைச் சொல்லி நிற்பதைவிட அங்கே சரியாகச் சொல்லி நிற்பது சுகமாக இருந்தது. டயருக்குப் பதில் கித்தா ரப்பர் வளையம் மாட்டிய சைக்கிளில் எலும்பு குலுங்க டவுனுக்குப் போய் வருவேன். வழியெல்லாம் அந்த எழுத்துகள்தான் வாயில்.

என்னோடு வேலை பார்த்தவள் மேரி. அவள் பாஷை வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமைப் பாடத்தை வியாழக்கிழமை காலையில் எனக்குச் சொல்லிவிடுவாள். பரீட்சைக்கு முந்தின வாரமும் சொல்ல வந்தாள். வார்டு வாசலில் நான் கையில் எழுத்துத் தாளை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். புட்டியைப் பற்றி ஒன்று சொல்லணும் கமலம் என்றாள். பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லு என்று கையை அசைத்து அனுப்பிவிட்டேன். அன்றே அவளைப் பெண்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவள் சொல்ல வந்தது இதுதான். பெரிய மருந்துப் புட்டிகளைப் பட்டாளத்துக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது சின்னப் புட்டிகள். அதனால் டிரெஸ்ஸர் மலேரியாவுக்குக் கொடுக்கும் குவினைன் மருந்தை இரண்டு மடங்கு கெட்டியாகக் கலக்கி வைத்தார். லேபிள் ஒட்டக் காகிதம் இல்லை. அடையாளத்துக்குப் புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். சிவப்பு நூல் கட்டிய புட்டியிலிருந்து அரை அளவுதான் ஊற்ற வேண்டும், மீதிக்குக் கொதித்தாறிய தண்ணீர். அந்த வாரத்துப் பாடமே அவ்வளவுதான்.

ரெங்கசாமி அந்த வாரம்தான் வந்து சேர்ந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. மலேரியாக் குளிரில் கட்டில் ஆடியது. அப்போது குவினைன் எல்லோருக்கும் கிடையாது. சயாம் பட்டியலில் பெயர் உள்ளவர்களைச் சீக்கிரம் தேற்றி அனுப்ப வேண்டும் என்பதால் அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். அந்த வாரம் ஆண்கள் வார்டில் பட்டியல் ஆள் அவர் ஒருவர்தான். ஒன்பதாம் கட்டில். ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து கொடுக்க வேண்டியவள் நான்.

நூலைப் பார்த்தேன். மூடி கழன்று விழாமலிருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முழு அளவு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவர் காதுக்குள் வண்டு கத்துகிறது என்றார். குவினைன் சாப்பிட்டால் காது இரையும், எந்த நர்ஸுக்கும் தெரிந்த விஷயம். மருந்து வேலை செய்கிறது அண்ணே என்று சொன்னேன். மூன்றாம் நாள் வாந்தி. நான் பேசுவது சரியாகக் காதில் விழவில்லை. வாந்தியில் போன மருந்துக்கு ஈடாக இன்னொரு வேளை சேர்த்துக் கொடுத்தேன். அக்கறையாக வேலை செய்ததாக எனக்கு அன்றைக்குத் திருப்திகூட இருந்தது.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது.

"மிஸி, ஏன் இன்னும் சன்னலத் தொறக்காம வச்சிருக்கீங்க?" என்றார்.

சன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தேன். கருமணி முழுக்க விரிந்திருந்தது, அத்தனை வெயிலிலும் சுருங்கவில்லை. டிரெஸ்ஸரைக் கூப்பிட ஓடினேன்.

டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. மருந்தறைக்குப் போய்ச் சிவப்பு நூல் கட்டிய புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வந்து, இனி ஒன்பதாம் கட்டிலுக்குக் குவினைன் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மேரியிடம் நூலைப் பற்றிக் கேட்டேன். அவள் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து ஆள்பிடிக்கும் ஜப்பான் அதிகாரி வந்தான். பட்டியல் ஆள் எப்படிக் குருடானான் என்று கேட்டான். வேலைக்கு எடுத்த ஆளைக் கெடுத்தவர்களை அவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, பார்வை போய்விட்டது என்று டிரெஸ்ஸர் அதே அமைதியோடு சொன்னார். பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதிகாரி ரெங்கசாமியை நடக்கவைத்துப் பார்த்தான். அவர் கட்டில் காலில் இடித்து விழுந்தார். பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள். ஆனால் ஆள் கணக்குக் குறையக் கூடாது. அதே வீட்டில் இன்னொரு ஆம்பிளை இருக்கிறான் என்று தோட்டத்துக் கங்காணி சொன்னான்.

அந்த இன்னொரு ஆம்பிளை ரெங்கசாமியின் தம்பி சின்னையா. கல்யாணமாகி ஒரு வருஷம். பெண்டாட்டி வயிற்றில் ஏழு மாதம். லோரி வருகிற அன்றைக்கு அண்ணனைப் பார்க்க வார்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது என்னிடம் வந்தார்.

"மூணு மாசந்தான்னு சொல்றாங்க மிஸி. அதுவரைக்கும் அண்ணனப் பாத்துக்குங்க. கண்ணு தெரியாம சோறுகூட எடுத்துத் திங்கத் தெரியாதுலா அவருக்கு."

நான் தலையாட்டினேன். லோரி ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போனது. எல்லோரும் நின்றுகொண்டு போனார்கள். அவர் கையை ஆட்டினார். அண்ணன் பார்க்க மாட்டார் என்று தெரிந்தும் ஆட்டினார்.

அடுத்த புதன்கிழமை எனக்குப் பாஷை வகுப்பு இல்லை. பரீட்சை முடிந்து முடிவுக்குக் காத்திருந்தேன். டிரெஸ்ஸர் வகுப்பில் உட்கார்ந்தேன். அவர் கதவைச் சாத்தினார். வெளியே நான் சொன்னது வேறு, இங்கே சொல்வது வேறு, இந்த அறையைவிட்டு எதுவும் போகாது என்றார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேரி என்னைப் பார்த்தாள். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். பயம் என்று சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், அந்தக் காலம் அப்படி. ஆனால் அந்த அறைக்குள் எனக்கு ஜப்பான்காரன் பயம் இல்லை. கயித்து மிஸி என்ற பெயரை நான் தாங்கிக்கொண்டேன். கண்ணைக் கெடுத்த மிஸி என்ற பெயரைத் தாங்க முடியாது என்று பயந்தேன். வில்லை வரப்போகிறது, அரிசி வரப்போகிறது, இந்த நேரத்தில் எதற்கு என்றும் நினைத்தேன். நான் எழுந்திருக்கவில்லை. அவர் வெகுநேரம் நின்றுவிட்டுச் சிலேட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அப்புறம் அன்றையப் பாடத்தை ஆரம்பித்தார்.

நான் பரீட்சையில் தேறினேன். அம்மா அந்த அரிசியை நாலு மாதம் சாப்பிட்டாள், ஐந்தாம் மாதம் அவள் இல்லை. சண்டை முடிய சில மாதம் இருக்கும்போது டிரெஸ்ஸர் காய்ச்சலில் போனார். அவர் போன அன்றைக்கும் அந்தக் குறி சிலேட்டில் இருந்தது. மற்றக் குறிகள் வந்தன, அழிந்தன. அதை மட்டும் அவர் தொடவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. புதிதாக வந்தவர் மருந்தறையை வெள்ளையடித்தபோது சிலேட்டும் எங்கேயோ போய்விட்டது. வில்லையை நான் கக்கூசுக் குழியில் போட்டேன்.

ரெங்கசாமிக்கு ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை திரும்பியது. மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரியும், பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. பால் வெட்ட முடியாது. தோட்டத்தில் ரப்பர் கொட்டை பொறுக்கிப் பிழைத்தார். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் வந்தார்கள். சின்னையா வரவில்லை. கூடப் போனவர்கள் அவரை ஆற்றோரத்தில் புதைத்ததாகச் சொன்னார்கள்.

அந்தச் செய்தி வந்து சில நாளில் ரெங்கசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தம்பி மகள் அவர் விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். இரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. அதுதான் பார்வதி. வார்டில் கூட்டிப் பெருக்கிய ஒருவன் புட்டி விஷயத்தைப் பாதி கேட்டு, மீதியைத் தானே சேர்த்துத் தோட்டத்து லைன் வீடுகளில் சொல்லியிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும் மிஸி," என்றார். "நீங்க வேணும்னுதான் மருந்தக் கூட்டிக் குடுத்தீங்களாம். நான் சயாமுக்குப் போயிறக் கூடாதுன்னு. லைன்ல பேசிக்கிறாங்க. நெசமா?"

ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. அவராகவே வந்து கேட்கிறார். ஜப்பான்காரன் போய்விட்டான். டிரெஸ்ஸர் இல்லை. இல்லை அண்ணே, நான் வகுப்புக்குப் போகவில்லை, அதனால்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வாயில் வரவில்லை. காப்பாற்ற நினைத்தாள் என்று இருந்தால் அவருக்கும் ஆறுதல் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

"ஆமாண்ணே," என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப எனக்காகத்தான் தம்பி போயிருக்கான்," என்றார்.

நான் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோயால் வந்த குருடு என்றால் அது விதி. நர்ஸின் தப்பு என்றால் அது என் பாவம். இரண்டிலும் அவர் மேல் குற்றமில்லை. நான் சொன்ன ஆமாம்தான் தம்பியின் சாவைத் தூக்கி அவர் தலையில் வைத்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்வதியின் அம்மா வேறு வாழ்க்கை தேடிப் போன பிறகு, அந்தப் பிள்ளையை அவரே வளர்த்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பலாப்பழத்தையோ ஒரு தார் வாழைப்பழத்தையோ யார் தலையிலாவது ஏற்றி எனக்கு அனுப்பிவைப்பார். நான் வாங்கிக்கொண்டேன். பார்வதி நர்ஸ் படிப்புக்கு வந்தபோது, "எங்க மிஸி மாதிரி வரணும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறினேன், ஸ்டாஃப் நர்ஸ் ஆனேன், சிஸ்டர் ஆனேன். எந்த வார்டில் இருந்தாலும் புதன்கிழமை மூன்று மணிக்குக் கதவைச் சாத்தி வகுப்பு வைத்தேன். டிரெஸ்ஸர் அருளப்பனின் நாலு கேள்விகள் என்று சொல்லிக்கொடுத்தேன். என் கையில் படித்தவர்கள் இன்றைக்கும் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தாவதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருந்தது என்று மேரிக்கு மட்டும்தான் தெரியும், அவளும் இப்போது இல்லை.

வகுப்பு நாள் வந்தது. ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் முப்பது பேர் இருப்பார்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள். கையெழுத்துத் தாள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. முன் வரிசையில் பார்வதி மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். என்னைப் பற்றி இரண்டு நிமிஷம் பெருமையாகப் பேசி, பெரியப்பா பேரையும் சொல்லி, உட்கார்ந்தாள்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் கையில் படித்தவர்களுக்கு நான் நாலு கேள்விதான் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் மொத்தம் ஐந்து என்று ஆரம்பித்தேன். ஐந்தாவது என்ன என்றும், சிலேட்டில் போடும் குறியைப் பற்றியும் சொன்னேன். அப்புறம் டிரெஸ்ஸர் கேட்க நாங்கள் சொல்வதுபோலவே சொன்னேன்.

"ஒன்பதாம் கட்டில். கெட்டி குவினைனை நாலு நாள் முழு அளவு குடுத்தேன். அரை அளவு குடுத்திருக்கணும். பாடம் நடந்த அன்னிக்கு நான் வகுப்புல இல்ல, வேற பரீட்சைக்குப் படிக்கப் போயிட்டேன். மறுநாள் சொல்ல வந்தவளையும் அனுப்பிட்டேன். யாரையும் காப்பாத்தணும்னு நான் நெனைக்கல."

கையெழுத்துத் தாள் எங்கேயோ பாதியில் நின்றுவிட்டது. பார்வதியின் பேனாவும் நின்றிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்தாள். வார்டில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"நோயாளிகிட்டச் சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்ல," என்றேன்.

இன்னும் ஏதாவது கேட்பாள், திட்டுவாள், அழுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் கரும்பலகைக்குப் போனாள். சாக்கட்டியைத் தேடி எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, கையெழுத்துத் தாளை இந்தப் பக்கம் அனுப்பச் சொன்னாள்.